சென்னை வீட்டில் சிறிய பவளத்தொட்டி அமைப்பது எப்படி?

கேள்வி இது: சென்னையில் இரண்டாவது மாடி வீடு. நன்னீர் மீன் வளர்த்துப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. இப்போது 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து, இரண்டு கோமாளி மீன்களோடு பவளமும் வளர்க்க ஆசை. தொட்டியைக் கூடத்தில் வைக்கப்போகிறீர்கள்; அங்கே ஏ.சி. இல்லை. கடல்நீரைக் கடற்கரையிலிருந்தே எடுத்து வரலாமா, எத்தனை நாளில் மீன் விடலாம், எந்தப் பவளத்தில் தொடங்கலாம், ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் என்பதே என் பதில். ஆனால் கடற்கரை நீர் வேண்டாம், முதல் மீன் ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வேண்டாம், முதல் பவளத்துக்கு மூன்று மாதமாவது பொறுங்கள். நன்னீர்த் தொட்டியில் நாம் மீனைப் பார்த்துக்கொள்கிறோம். பவளத்தொட்டியில் நீரைப் பார்த்துக்கொள்கிறோம். கடலில் உப்பும் வெப்பமும் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பதால், அங்கே வாழும் உயிர்களுக்கு மாற்றத்தைத் தாங்கும் பழக்கமும் இல்லை. ஆகவே ஒரு அளவு புத்தகத்தில் போட்டபடி அச்சாக இருப்பதைவிட, இன்று இருப்பதுபோலவே நாளையும் இருப்பதுதான் முக்கியம். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். சிறிய தொட்டிதான் எளிது என்று பலர் 20, 30 லிட்டரில் தொடங்கி, நான்கு மாதத்தில் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். நீர் குறையக் குறைய எந்தத் தவறும் வேகமாகப் பெரிதாகிவிடும். நீங்கள் நினைத்திருக்கும் 60 சென்டிமீட்டர் நீளத்தோடு 40 அகலம், 40 உயரம் வைத்துக்கொண்டால் கொள்ளளவு 96 லிட்டர். கல்லும் மணலும் இடம் பிடித்ததும், விளிம்பில் விட்ட இடைவெளியும் போக, ஏறத்தாழ 80 லிட்டர் நீர் நிற்கும். முதல் தொட்டிக்கு இதைவிடச் சிறியதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கண்ணாடி 8 மில்லிமீட்டராக இருக்கட்டும். நீர், கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்து 150 கிலோவை நெருங்கும் என்பதால் தொட்டியைச் சுவரோரமாக வையுங்கள். வெயில் விழும் சன்னலுக்கு எதிரே மட்டும் வேண்டாம். சாதாரணப் பிளைவுட் மேசை உப்புநீர் பட்டு ஓராண்டில் உப்பிவிடும், பூச்சில்லாத இரும்புத் தாங்கி துருப்பிடிக்கும். பவுடர் கோட்டிங் செய்த தாங்கியோ, நீர் தாங்கும் பிளைவுட்டோ வாங்குவது நல்லது.

இனி நீர். கடற்கரையிலிருந்து எடுத்துவரும் நீர் இலவசம், அசலான கடல்நீர், அதைவிடச் சிறந்தது எது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சென்னைக் கரையோரத்தில் கூவமும் அடையாறும் கடலில் கலக்கின்றன. கரையில் நின்று குடத்தில் மொள்ளும் நீர் ஆழ்கடல் நீரல்ல, நகரத்தின் கழிவு கலந்த நீர். அதிலுள்ள பாஸ்பேட்டையும் உலோகங்களையும் உங்களால் கண்ணால் காண முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து அதன் உப்பும் குறைந்துபோகும். சமையல் உப்பைக் கரைப்பதும் ஆகாது. அது கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. பவளத்துக்குச் சோடியமும் குளோரைடும் மட்டும் போதாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், கார்பனேட் எல்லாம் கடலில் உள்ள விகிதத்தில் வேண்டும். பவளத்தொட்டிக்கென்றே செய்த உப்பு வாளிகளிலும் பைகளிலும் கிடைக்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம் போட வேண்டியிருக்கும். முதல்முறை நிரப்ப 3 கிலோ போதும்.

உப்பை எந்த நீரில் கரைப்பது என்பதில்தான் சென்னைக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 2010 இல் மீஞ்சூரிலும் 2013 இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்துவிட்டாலும், உங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு வந்துசேரும்போது அந்த நீர் ஆழ்குழாய் நீரோடும் லாரி நீரோடும் கலந்துதான் வருகிறது, குளோரினும் இருக்கும். சமையலறையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரத்தை நம்ப வேண்டாம். குடிப்பதற்குச் சுவை வேண்டுமென்று அதில் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள், அல்லது சுத்திகரிக்காத நீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள், நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 50க்கு மேல் காட்டும். நமக்கு வேண்டியது பூஜ்ஜியம். அதற்கு ஆர்.ஓ. சவ்வுக்குப் பிறகு எஞ்சிய தாதுக்களை ஈர்த்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் நிரப்பிய ஒரு குப்பியையும் இணைக்க வேண்டும். மீன் வாங்குவதற்கு முன் இந்தச் சாதனத்தை வாங்குங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் டி.டி.எஸ். குறைவாகக் காட்டும், அதைப் பிடித்து ஊற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த நீர் செம்புக் குழாய்களின் மேல் படிந்து வழிந்து வருவது. செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026. அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், ஆனால் அதை வெறும் நன்னீரை வைத்து மட்டும் சரிபார்க்காதீர்கள். 35 பங்கு உப்புள்ள அளவுத்திரவம் சிறு குப்பியில் கிடைக்கிறது, மாதம் ஒருமுறை அதன் ஒரு சொட்டை விட்டுப் பாருங்கள். பூஜ்ஜியத்தில் சரியாகக் காட்டும் கருவி 35 இல் இரண்டு பங்கு தவறாகக் காட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் தொடங்கிய காலத்தில் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நீர்மட்டம் குறைந்ததைப் பார்த்து, கடல் தொட்டிக்குக் கடல்நீர்தானே ஊற்ற வேண்டும் என்று கரைத்து வைத்திருந்த உப்புநீரை நாள்தோறும் ஊற்றிவந்தேன். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். தொட்டியின் முன் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. உங்கள் தொட்டியில் நீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 2.4 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். அதற்கு உப்புநீர் ஊற்றினால் 84 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். நாள்தோறும் இப்படியே ஊற்றினால் ஒரே வாரத்தில் 35 என்பது 42ஐத் தாண்டிவிடும். என் தொட்டியில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாளாயிற்று. ஆவியான நீருக்கு ஈடாக டி.ஐ. நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், அதையும் நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு காலையும் மாலையும் ஊற்றலாம். கையில் பணம் இருந்தால், மட்டம் இறங்கியதும் தானே நீர் விடும் கருவியை வாங்குங்கள். எந்த விலையுயர்ந்த விளக்கைவிடவும் அந்தக் கருவி பவளத்துக்கு அதிக நன்மை செய்யும்.

அடுத்தது வெப்பம். ஏ.சி. இல்லாத கூடம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கவலை வந்தது இதனால்தான். வெளிநாட்டுக் காணொளிகளில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நம் ஊரில் மார்கழியில்கூட அது பெரும்பாலும் தேவைப்படாது. நமக்கு வேண்டியது குளிர்விக்கும் வழி. தொட்டியின் நீர் 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. 28 வரை பொறுத்துக்கொள்ளும். 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் வெளிறத் தொடங்கிவிடும். பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பங்கு வாழ்கிறது. வெப்பம் கூடும்போது அந்தக் கூட்டு முறிந்து, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. திசு கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே இருக்கும் வெண்மை தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் நடந்ததும் இதுவேதான். கடலுக்கே நேர்ந்தது கத்திரி வெயிலில் உங்கள் கூடத்தில் 80 லிட்டருக்கு நேராமல் இருக்காது.

எளிய வழி, நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும் சிறிய விசிறி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், கணக்குப்படி 80 லிட்டரை ஏழு டிகிரி குளிர்விக்கப் போதுமானது. ஆனால் அறையின் வெப்பம் கண்ணாடி வழியாக ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருப்பதால், நடைமுறையில் நமக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று டிகிரிதான். கடற்காற்றின் ஈரப்பதம் மிகுந்த மாலைகளில் அதுவும் குறையும். கூடத்தில் 35 டிகிரி இருக்கும் மே மாதத்தில் விசிறி மட்டும் போதாது என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வாங்கலாம், அல்லது ஏ.சி. உள்ள படுக்கையறையில் தொட்டியை வைக்கலாம். சில்லரைத் தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் வைத்தால், அது வெளியே தள்ளும் சூட்டைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு வீணாக ஓடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இந்தச் செலவு இப்போது முடியாது என்றால், தொட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள் என்றுதான் சொல்வேன். பவளம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டு பனிக்கட்டிப் புட்டிகளை மாற்றி மாற்றி மிதக்கவிடுவது வருத்தமான வேலை. அதனால் நீரின் வெப்பம் ஏறி இறங்குவது பவளத்துக்கு இன்னும் கேடு.

மின்வெட்டுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். மின்சாரம் போனால் முதலில் கொல்வது வெப்பமல்ல, ஆக்சிஜன் பற்றாக்குறை. நீர் அசையாமல் நின்றுவிட்டால் சூடான உப்புநீரில் கரைந்திருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு சிறிய விலையில் கிடைக்கிறது. தொட்டிக்குள் நீரை ஓடவைக்கும் பம்பான அலைவிசையை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தாலும் போதும். விளக்கும் சில்லரும் வேண்டாம். தொட்டிக்குச் செல்லும் மின்னிணைப்பில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியும் பிளக் செருகும் இடத்துக்குக் கீழே தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிச் செல்லட்டும். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கல் வாங்குவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பவளத்தொட்டியின் எலும்புக்கூடு கல்தான். நீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாக்கள் அதன் நுண்துளைகளில்தான் குடியிருக்கின்றன. ‘லைவ் ராக்’ என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் சில சமயம் கிடைப்பது, இறந்த கடினப் பவளத்தின் கூடுகளே. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும், கடற்குதிரை, கடல் அட்டை, பெரிய கிளிஞ்சல்களில் சிலவும் அப்படியே. புலிக்கு உள்ள அதே அளவு பாதுகாப்பு இது. உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

இதை நான் தண்டனைக்கு அஞ்சி மட்டும் சொல்லவில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்த 21 இல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீர்மட்டத்துக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவும் கரைந்துபோயிற்று. அந்தக் கடலின் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அழகு பார்ப்பதற்கு எனக்கு மனம் வராது. உங்களுக்கும் வராது என்று நம்புகிறேன். சுட்ட களிமண்ணில் நுண்துளைகளோடு செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. எட்டு, பத்து கிலோ போதும். சிமென்ட்டில் நீங்களே வார்க்க விரும்பினால் வார்க்கலாம். ஆனால் சிமென்ட்டின் காரம் வெளியேறும் வரை நன்னீரில் ஊறவைத்து, ஆறு முதல் எட்டு வாரம் அடிக்கடி நீரை மாற்றி, பி.எச். இறங்கியதை அளந்து பார்த்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். கல்லை அடுக்கும்போது நேரே தொட்டியின் அடித்தளத்தின் மேல் ஊன்றி வைத்துவிட்டு, பிறகு மணலைப் பரப்புங்கள். மணலின் மேல் கல்லை வைத்தால், மீன் பறித்த ஒரு குழியே கல் சரியப் போதும்.

நீர், உப்பு, கல், மணல் எல்லாம் வைத்து அலைவிசையை ஓடவிட்டதும் காத்திருக்கும் காலம் தொடங்குகிறது. மீனின் கழிவிலும் மீந்த உணவிலும் வரும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும் என்பது நன்னீர் வளர்த்த உங்களுக்குத் தெரியும். கடல்நீரின் பி.எச். 8க்கு மேல் என்பதால் அதே அளவு அம்மோனியா இங்கே இன்னும் கொடியது என்பது மட்டும் புதிது. ஒரு மீனை விட்டு அதன் கழிவில் பாக்டீரியாவை வளர்க்கும் பழைய வழக்கம் கொடுமையானது. இன்று அதற்குத் தேவையும் இல்லை. தூய அம்மோனியம் குளோரைடு அரை கிராம் எடுத்துக் கரைத்து ஊற்றினால், 80 லிட்டரில் அம்மோனியா ஏறக்குறைய 2 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 2 பங்கு, ஆகும். புட்டியில் விற்கும் கடல்நீர்ப் பாக்டீரியாவைச் சேர்த்தால் வேலை விரைவாகும். விளக்கை அணைத்தே வையுங்கள். இன்று ஊற்றிய அம்மோனியா நாளை இதே நேரத்துக்குள் அம்மோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் இல்லாமல் மறைந்துவிட்டால் தொட்டி தயார். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

தயாரானதும் தொட்டி அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விளக்கு எரியத் தொடங்கியதும் முதலில் மணலெல்லாம் காப்பிப்பொடி தூவியதுபோல் டயாட்டம் என்னும் பழுப்புப் பாசி படியும். அது போனதும் பச்சை முடிப்பாசி வரும். இரண்டு மாதத்துக்கு இந்த அவலட்சணம் நீளும்; பலர் இந்தக் கட்டத்தில்தான் கடைக்குப் போய்ப் பாசிக்கொல்லி மருந்து வாங்கி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். மருந்து வேண்டாம். ஐந்தாறு நத்தைகளும் சில துறவி நண்டுகளும் விடுங்கள், நீளும் பாசியைக் கையால் பிடுங்குங்கள், உணவைக் குறையுங்கள். ஆனால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோக வெறிகொள்ள வேண்டாம். இரண்டும் அறவே இல்லாத நீரில் போட்டியில்லாமல் டைனோபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி பெருகும், அதை ஒழிப்பது முடிப்பாசியைவிடப் பல மடங்கு கடினம். நைட்ரேட் 5 பி.பி.எம். அருகிலும் பாஸ்பேட் 0.05 அருகிலும் இருந்தால் நிம்மதியாக இருங்கள். ஒருநாள் கல்லின் நிழல்பக்கத்தில் நகத்தின் அளவுக்கு ஊதாநிறப் புள்ளி தெரியும். அது சுண்ணாம்புப் பாசி. தொட்டி முதிரத் தொடங்கியதற்கு அதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

விளக்கைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. மென்பவளத்துக்குக் கடல் தொட்டிக்கென்று விற்கும் நடுத்தர எல்.இ.டி. போதும். 420 முதல் 470 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி அதில் மிகுந்திருக்க வேண்டும். முதல் மாதம் பாதி வெளிச்சத்தில் நாளுக்கு ஆறு மணி நேரத்தில் தொடங்கி, மெல்ல எட்டுக்கு ஏற்றுங்கள். நீரோட்டத்துக்கு மணிக்கு 2000 லிட்டர் அளவில் ஒரு அலைவிசை வைத்து, நேரே பவளத்தின் மேல் அடிக்காமல் எதிர்க் கண்ணாடியில் மோதிச் சிதறும்படி திருப்புங்கள். வாராவாரம் நீர் மாற்றும் ஒழுக்கம் இருந்தால் கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்த அளவுக்குக் கட்டாயமில்லை.

மீனுக்கு வருகிறேன். நீங்கள் ஆசைப்பட்டபடி இரண்டு கோமாளி மீன்களே இந்தத் தொட்டிக்குச் சரியான தேர்வு. தொட்டியில் பிறந்து வளர்ந்தவற்றையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இவற்றின் இனப்பெருக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவரப்பெற்றுவிட்டார்கள். ஆகவே கடலில் பிடித்த மீனை வாங்க எந்தக் காரணமும் இல்லை. கொளத்தூர்க் கடைகளில் வாங்கினாலும் இதையே கேளுங்கள், மீன் உணவு எடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கட்டும். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகவே முதிர்கின்றன, இணையில் பெரியதே பெண்ணாக மாறும். அளவு வேறுபட்டால் சண்டை குறைவு. கோமாளி மீன்கள் கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலே அவை நன்றாக வாழும். அதைச் சிறிய, புதிய தொட்டியில் வைத்தால் நகர்ந்து போய் அலைவிசையில் சிக்கிச் சிதைந்து, ஒரே இரவில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நீல டாங் மீனுக்கு இந்தத் தொட்டி சிறைபோல் ஆகும். மாண்டரின் மீன் சின்னஞ்சிறு உயிரினங்களை நாள்முழுதும் கொத்தித் தின்று வாழ்வது; இங்கே பட்டினியில் செத்துவிடும்.

வாங்கிய மீனைத் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் தென்பட்டால் செம்பு மருந்தை அந்தத் தனித் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும்; பவளத்தொட்டியில் ஒரு துளிகூட விடக்கூடாது.

மூன்றாம் மாதத்தின் முடிவில் பவளம். மென்பவளங்களில் தொடங்குங்கள்: காளான் பவளம், தோல் பவளம், துடிக்கும் செனியா, சோவாந்திட். வளர்ப்புத் தொட்டிகளில் வெட்டிப் பெருக்கிய துண்டுகளையே வாங்குங்கள், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ரசீது வாங்கி வைத்திருங்கள். கடினப் பவளத்துக்குச் சட்டம் வழிவிடவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. தோல் பவளத்தை ஒருமுறை நெருங்கிப் பார்த்தவர்கள் மென்பவளத்தைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். தடித்த தண்டின் மேல் குடைபோல் விரிந்த சதையின் முழுப் பரப்பிலும் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் எழுந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் எட்டு இதழ்கொண்ட சிறு பூ விரிந்திருக்கும். நீரோட்டம் வந்தால் நாற்றங்கால்போல் மொத்தமும் ஒரே பக்கம் சாயும்.

திடீரென்று ஒருநாள் அந்த இழைகள் எல்லாம் உள்ளிழுத்துக்கொள்ளும். குடை சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் பளபளக்கும். நான்கைந்து நாள், சில சமயம் பத்து நாள்கூட அப்படியே இருக்கும். இறந்துவிட்டது என்று எண்ணி எடுத்து எறிந்தவர்களை நான் அறிவேன். உண்மையில் அது பாசியும் அழுக்கும் படிந்த தோலை உரிக்கிறது. கொஞ்சம் நீரோட்டம் கிடைத்தால் அந்தப் படலம் தாளாகக் கழன்று போகும், மறுநாள் காலையில் முன்னைவிடப் பெரிதாக விரிந்து நிற்கும். அழுகல் நாற்றம் இல்லாத வரை தொடாதீர்கள்.

சோவாந்திட் பற்றி ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இவற்றில் சில வகைகளிலும், இவற்றின் உறவான பாலித்தோவாவிலும், பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் இவற்றை வெட்டவோ உரசவோ கூடாது. இவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது. ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறி வீட்டிலுள்ள அனைவரும் மருத்துவமனைக்குப் போகும்படி ஆகிவிடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இதை விட்டுவிட்டுக் காளான் பவளத்தோடு நில்லுங்கள்.

வாராந்திர வேலை அதிகமில்லை. எட்டு லிட்டர் எடுத்துவிட்டு, முந்தின நாளே கரைத்து வைத்த எட்டு லிட்டரை, உப்பும் வெப்பமும் சமமா என்று பார்த்து ஊற்ற வேண்டும். அதற்கு 300 கிராம் உப்பு செலவாகும். இந்த மாற்றமே மென்பவளத்துக்கு வேண்டிய கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கொடுத்துவிடும். புட்டி புட்டியாக மருந்து விற்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். இவ்வகையில் அளக்க வேண்டியது காரத்தன்மையை மட்டும்; அதன் அலகு டி.கே.எச்., 8 முதல் 9 வரை நிலையாக இருந்தால் நல்லது. ஒரு டி.கே.எச். குறைந்தால் 80 லிட்டருக்கு இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தூய சோடியம் பைகார்பனேட்டை டி.ஐ. நீரில் கரைத்து மெல்ல ஊற்றலாம். நம் சமையலறை ஆப்பசோடா அதுவேதான். வேறு எதுவும் கலக்காததா என்று பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அதை ஊற்றிவிடாதீர்கள்.

கடைசியாக, ஊருக்குப் போவது. பொங்கலுக்கு நான்கைந்து நாள் போவதென்றால் மீனுக்கு உணவே வேண்டாம். நல்ல நிலையில் உள்ள கோமாளி மீன் அதைத் தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் உணவுப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பினால் அள்ளிப் போடுவார்கள், திரும்பி வரும்போது நீர் பால்போல் வெளுத்திருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமென்றால், ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு ஒரு பொட்டலம் என்று தாளில் மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுங்கள். நன்னீர்க் குடத்தில் ‘நன்னீர்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, கண்ணாடியில் நீங்கள் போட்ட கோட்டை அவர்களுக்குக் காட்டுங்கள். உப்புநீர் வாளியை வேறு அறையில் பூட்டி வையுங்கள்.